ஹூக் பார்க்காததை லீவன்ஹூக் பார்த்தாரா?

வாசகர் ஒருவரின் கேள்வி – 2023 ஜூன் 4

17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கிடம் பல வில்லைகளை அடுக்கிய கூட்டு நுண்ணோக்கி இருந்தது. லண்டனின் தேர்ந்த கருவி வினைஞர்கள் அருகில் இருந்தார்கள், ராயல் சொசைட்டியின் ஆதரவும் இருந்தது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான ஆண்டனி வான் லீவன்ஹூக்கிடம் இருந்ததோ இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்திய ஒற்றை வில்லை. அப்படியிருக்க, பாக்டீரியாவைக் கண்டவர் லீவன்ஹூக் என்றும் ஹூக்கின் கண்ணுக்கு அவை தட்டுப்படவே இல்லை என்றும்தான் எல்லா இடத்திலும் படிக்கிறோம். மேலான கருவி காட்டாததை எளிய கருவி காட்டியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இது பிற்காலத்தில் புனைந்த கதை என்றே நினைக்கிறேன்.

2023 ஜூன் 4, இரவு

புனைவு இல்லை. கூட்டு நுண்ணோக்கி என்றாலே மேலானது என்ற எண்ணம்தான் இங்கே வழி தவறச் செய்கிறது.

ஒரு வில்லை வழியாக ஒளி செல்லும்போது இரண்டு குறைகள் சேருகின்றன. சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியில் குவிவதில்லை, அதனால் பொருளின் ஓரங்களில் வண்ண விளிம்பு தோன்றுகிறது. இது நிறப்பிறழ்ச்சி. வில்லையின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழையும் கதிர்களும் வெவ்வேறு தூரத்தில் குவிவது கோளப்பிறழ்ச்சி. இரண்டு, மூன்று வில்லைகளை அடுக்கினால் முதல் வில்லை செய்த பிழையை அடுத்தது பெரிதாக்கிக் காட்டுமே தவிரத் திருத்தாது. 17ஆம் நூற்றாண்டின் கூட்டு நுண்ணோக்கிகளில் சில பத்து மடங்குகளைத் தாண்டிய உருப்பெருக்கம் பெரும்பாலும் பயனற்ற மங்கலாகவே முடிந்தது.

லீவன்ஹூக்கின் கருவியில் ஒரே வில்லை, ஆகவே ஒரே பிழை. இன்று உத்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய நுண்ணோக்கி சுமார் 266 மடங்கு பெருக்குகிறது. அதன் பிரிதிறன், அதாவது அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, 1.35 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டியது என்று அளந்திருக்கிறார்கள். பல பாக்டீரியாக்கள் இதைவிட நீளமானவை. ஹூக்கிடம் இப்படி ஒரு வில்லை இல்லாததால்தான் அவர் காணவில்லை.

2023 ஜூன் 6

மேலே எழுதிய கடைசி வாக்கியம் தவறு. நினைவை நம்பி எழுதிவிட்டு, பிறகுதான் ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா'வின் முன்னுரையைத் திரும்பப் படித்தேன்.

1665இல் வெளிவந்த அந்த நூலின் முன்னுரையிலேயே ஒற்றை வில்லை செய்யும் முறையை அவர் விளக்கியிருக்கிறார். தெளிவான கண்ணாடியை விளக்குச் சுடரில் உருக்கி மெல்லிய இழையாக இழுக்க வேண்டும். அந்த இழையின் நுனியைத் திரும்பச் சுடரில் காட்டினால் அது தானே சுருண்டு சிறு உருண்டையாகத் திரளும். அந்த உருண்டையைத் தீட்டி மெருகேற்றி, ஊசித் துளையில் பொருத்திக்கொண்டால் பெரிய கருவிகளைவிடத் தெளிவாகவும் பெரிதாகவும் காட்டும் என்றும் அவரே சொல்கிறார். ஆனால் அது மிகச் சிறியது, பொருளை மிக நெருங்கியும் இருக்க வேண்டும் என்பதால் பயன்படுத்தப் பெருந்தொல்லை என்று அடுத்தாற்போல் எழுதுகிறார். அது கண்ணை வருத்திப் பார்வையைத் தளர்த்தியதால் விட்டுவிட்டதாக 1678இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார்.

ஆக, அவருக்கு வழி தெரியும். தெரிந்தும் அந்த வழியில் அவர் போகவில்லை. கருவி இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டு நான் பதில் சொன்னது போதாது.

2023 ஜூன் 7

நுண்ணோக்கியை 1590இல் சகரியாஸ் யான்சன் கண்டுபிடித்தார் என்பது சரிதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயப்பட வேண்டிய கூற்று. யான்சன் பிறந்தது 1580களின் பிற்பகுதியில், ஆகவே 1590இல் அவர் சிறு குழந்தை. அந்த ஆண்டைச் சொன்னவர் அவருடைய மகன், அதுவும் 1655இல். யான்சன் வாழ்ந்த மிடல்பர்க் நகரத்தின் ஆவணங்கள் 1940 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்துவிட்டதால் இனிச் சரிபார்க்கவும் வழி குறைவு. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 1620ஐ ஒட்டிக் கார்னீலியஸ் ட்ரெபெல் லண்டனில் கூட்டு நுண்ணோக்கி வைத்திருந்தார். 1624இல் கலிலியோ தாம் செய்த ஒன்றை ஃபெடரிகோ சேசிக்கு அனுப்பினார். 1625இல் ஜொவான்னி ஃபாபர் அதற்கு 'மைக்ராஸ்கோப்' என்று பெயரிட்டார்.

2023 ஜூன் 11

ஹூக்கின் குறிப்பைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. நான்கு நாள்களாக மாலை வேளைகளில் கண்ணாடி உருண்டை செய்துகொண்டிருக்கிறேன். அதில் கற்றதை இங்கே வைக்கிறேன். நூலில் இரண்டு வரியாக இருப்பது கையில் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பது இந்தக் கேள்விக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

மெல்லிய கண்ணாடிக் குச்சியைக் கேஸ் டார்ச்சின் சுடரில் காட்டி, இளகியதும் இரண்டு கைகளையும் விலக்கினால் தலைமுடி அளவு இழை கிடைக்கிறது. இழையின் நுனியைச் சுடரின் ஓரத்தில் மெல்ல நீட்டினால் பரப்பு இழுவிசையே அதைக் கோளமாக்கிவிடுகிறது. முதல் பத்து உருண்டைகளில் காற்றுக்குமிழி. அடுத்தவற்றில் புகை படிந்து மங்கல். உருண்டை 2 மில்லிமீட்டரைத் தாண்டும்போது தன் எடையாலேயே கீழே தொங்கி நீர்த்துளி வடிவம் கொண்டுவிடுகிறது. நாற்பதுக்கு மேல் செய்ததில் நம்பிப் பார்க்கத்தக்கவை மூன்று. அவற்றில் ஒன்று மட்டுமே நன்றாக இருக்கிறது. அதன் விட்டம் 1.3 மில்லிமீட்டர்.

கணக்கு எளிது. ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடிக் கோளத்தின் குவியத் தூரம், நடுவிலிருந்து அளந்தால், அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. 250 மில்லிமீட்டரைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். என் உருண்டைக்கு இது சுமார் 256 மடங்கு. உத்ரெக்ட் கருவியின் அளவை எட்டக் கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குவியத் தூரத்தில் பெரும்பகுதி உருண்டைக்கு உள்ளேயே முடிந்துவிடுவதால், பார்க்கும் பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மிஞ்சுவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். மறுபக்கம் கண்ணையும் ஏறக்குறைய ஒட்டியே வைக்க வேண்டும். இமை துடித்தாலே இமைமயிர் பட்டு உருண்டையில் எண்ணெய் படிகிறது. கால் மணி நேரம் பார்த்தால் நெற்றி வலிக்கிறது. தொல்லை என்று ஹூக் எழுதியதை நான் சோம்பலாகக் கொண்டிருந்தேன். அது உடல் வருத்தத்தின் உண்மையான பதிவு.

லீவன்ஹூக் அந்த வருத்தத்தை ஐம்பது ஆண்டுகள் தாங்கினார். அவருடைய வில்லைகள் உருண்டைகள் அல்ல, ஒவ்வொன்றும் அவர் பொறுமையாகத் தேய்த்து வடித்தவை என்பதும் அவரை ஹூக்கிடமிருந்து பிரிக்கிறது.

2023 ஜூன் 13

மேற்குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திருத்தியவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். 2021இல் வெளியான ஆய்வை நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

லீவன்ஹூக்கின் கருவிகளைப் பிரித்துப் பார்க்க யாரும் துணிவதில்லை. எஞ்சியிருப்பவை பன்னிரண்டை ஒட்டிய சிறு எண்ணிக்கைதான். வில்லையோ இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. டச்சு ஆய்வாளர்கள் அவற்றை நியூட்ரான் கதிரில் வைத்து, அடுக்கடுக்காகப் படமெடுத்து, வில்லையின் முழு வடிவத்தையும் கணினியில் மீட்டெடுத்தார்கள். லைடன் நகரத்து பூர்ஹாவே அருங்காட்சியகத்திலுள்ள நடுத்தர உருப்பெருக்கக் கருவியில் இருந்தது தேய்த்துச் செய்த வில்லை. மிக அதிகம் பெருக்கும் உத்ரெக்ட் கருவியிலோ, இழையிலிருந்து உருக்கித் திரட்டிய உருண்டை! ஒடித்த இழையின் அடையாளமும் அதில் தெரிகிறது. ஹூக் அச்சிட்டு உலகுக்குச் சொன்ன அதே முறை.

தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் வழியை லீவன்ஹூக் எவருக்கும் சொன்னதில்லை. அந்த மறைவிடத்தில் ஹூக்கின் குறிப்பு இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. அவர் டச்சு மொழி மட்டுமே அறிந்தவர், ஆங்கில நூலைத் தாமே படித்திருக்க முடியாது. யாரேனும் சொல்லியிருக்கலாம், அல்லது தாமாகவே அதே வழியை எட்டியிருக்கலாம். வில்லையின் வடிவத்திலிருந்து அதுவரை போக முடியாது.

2023 ஜூன் 18

நேற்று இரவு பாக்டீரியாவைக் கண்டுவிட்டேன். உருண்டை வில்லையில் அல்ல, சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கூட்டு நுண்ணோக்கியில். குளத்து நீர் ஒரு துளி, 40 மடங்குப் பொருளருகு வில்லை. வட்ட வட்டமான உடல்கள், எல்லாம் ஒரே அளவு, நடுவில் ஒரு கரும்புள்ளி, சுற்றி ஒளிவளையம். வரைந்து வைத்திருக்கிறேன். கோளவடிவப் பாக்டீரியாக் கூட்டம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

2023 ஜூன் 25

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அழிக்கப் போவதில்லை. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

நான் கண்டவை உயிர்கள் அல்ல. நீர் மங்கலாகத் தெரிந்ததால், மாறுபாட்டை, அதாவது பொருளுக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டை, கூட்டுவதற்காக ஒளிக்குவிப்பியின் (ஸ்லைடுக்கு அடியிலிருந்து ஒளியைக் குவித்து அனுப்பும் வில்லையின்) இதழ்த்திரையை முழுவதும் மூடியிருந்தேன். அப்படி மூடினால் மிகச் சிறிய தூசு, கண்ணாடிக் கீறல், கொழுப்புத்துளி ஆகிய எல்லாமே விளிம்பு விளைவால் ஒரே அளவுள்ள வளையமிட்ட வட்டங்களாகத் தெரியும். ஐயம் வந்தது ஒரு சின்ன நிகழ்ச்சியால். ஸ்லைடை நகர்த்தியபோது அந்த வட்டங்களில் பாதி நகரவில்லை. நீரே வைக்காத வெற்று ஸ்லைடிலும் அவை இருந்தன. இதழ்த்திரையைத் திறந்ததும் கரைந்துபோயின. ஒரே அளவில் இருந்ததால்தான் அவற்றை ஓர் இனம் என்று நம்பினேன். அந்த அளவைத் தந்தது வில்லை.

1823இல் பாரிஸில் ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ் இதே இடத்தில்தான் வழுக்கினார். நரம்பு, தசை, தோல் என்று எந்தத் திசுவை எடுத்தாலும் அது ஒரே அளவுள்ள உருண்டைகளால் ஆனது, ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் 300இல் ஒரு பங்கு விட்டமுடையது என்று அவர் அளந்தே எழுதினார். அவர் கவனமான ஆய்வாளர். வேறு பலரும் அதே உருண்டைகளைக் கண்டார்கள். பலர் தனித்தனியே கண்டது ஒத்துப்போனால் அது உண்மை என்று கொள்வது வழக்கம். ஆனால் எல்லோரிடமும் ஒரே குறையுள்ள வில்லைகள் இருந்தால் ஒரே பிழையைத்தான் எல்லோரும் ஒருமனதாகக் காண்பார்கள்.

அதைக் கலைத்தவர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற லண்டன் மது வணிகர். அறுவை மருத்துவத்தில் கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் தந்தை. 1827இல் தாமஸ் ஹாட்ஜ்கினும் அவரும், பிறழ்ச்சி குறைத்த வில்லைகளால் அதே திசுக்களைப் பார்த்துவிட்டு, தசையில் இருப்பவை இழைகள், உருண்டைகள் எங்கும் இல்லை என்று அறிவித்தார்கள். இரத்தச் சிவப்பணு உருண்டை அல்ல, இருபுறமும் குழிந்த தட்டு என்பதையும் அதே கட்டுரையில் காட்டினார்கள்.

லிஸ்டர் 1830இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. நிறப்பிறழ்ச்சி நீக்கிய இரட்டை வில்லையைத் தொலைநோக்கிக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். நுண்ணோக்கிக்கு வேண்டிய பொடி அளவில் அதைச் செய்யும்போது கோளப்பிறழ்ச்சி எல்லாவற்றையும் கெடுத்தது. அத்தகைய இரட்டை வில்லை ஒவ்வொன்றுக்கும் கோளப்பிறழ்ச்சி இல்லாத இரண்டு இடங்கள் உண்டு என்று லிஸ்டர் கண்டுபிடித்தார். ஒன்றின் உருவம் அடுத்ததன் அந்த இடத்தில் விழுமாறு தூரத்தை அமைத்தால் வில்லைகளை அடுக்கினாலும் பிழை பெருகாது. ஜூன் 4 அன்று நான் சொன்னேனே, அடுத்த வில்லை முந்தையதன் பிழையைப் பெரிதாக்கும் என்று, அந்த நிலை முடிவுக்கு வந்தது இங்கேதான். கூட்டு நுண்ணோக்கி உண்மையிலேயே மேலான கருவியானது ஹூக்கின் நூல் வந்து 165 ஆண்டுகள் கழிந்த பிறகுதான்.

2023 ஜூன் 26

விந்தணுவுக்குள் கைகால் மடக்கி உட்கார்ந்த சிறு மனிதனைக் கண்டதாக வரைந்தவரைவிட உங்கள் தவறு சிறிது என்று ஒருவர் ஆறுதல் எழுதியிருக்கிறார். அன்புக்கு நன்றி. ஆனால் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கருக்கு நேர்ந்துவரும் அநீதியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1694இல் அவர் அச்சிட்ட அந்தப் படம் கண்டதன் பதிவு அன்று. தோலை ஊடுருவிப் பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படித் தெரியலாம் என்ற ஊகமாகவே அவர் அதை வைத்தார். கண்டேன் என்று அவர் எழுதவில்லை. நான் கண்டேன் என்று எழுதினேன்.

2023 ஜூலை 2

குளத்து நீரில் துள்ளும் பொடிகள் உயிருள்ளவையா என்று எப்படி உறுதி செய்வது என்பது நல்ல கேள்வி. இதைக் கேட்டு, விடையையும் கண்டவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன்.

1827 கோடையில் அவர் பார்த்தது மகரந்தத்தூள் நீரில் ஆடுவதை என்று பாடநூல்கள் சொல்வது சரியன்று. கிளார்க்கியா புல்செல்லா என்ற செடியின் மகரந்தத்துக்குள் இருக்கும் மிகச் சிறு துகள்களை அவர் பார்த்தார். மகரந்தமே அவ்வளவு துடிக்க முடியாத அளவுக்குப் பெரியது. முதலில் அவரும் இது உயிரின் அசைவு என்றே எண்ணினார். பிறகு செய்ததுதான் அவரை உயர்த்துகிறது. பல ஆண்டுகள் உலர்ந்த செடிகளின் மகரந்தத்தை எடுத்தார், ஆடியது. கண்ணாடியைப் பொடித்தார், ஆடியது. கற்களைப் பொடித்தார், எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் சிலையின் ஒரு துணுக்கைக்கூட விடவில்லை. அதுவும் ஆடியது. ஆகவே இந்த ஆட்டம் உயிரின் அடையாளம் ஆகாது.

இவ்வளவையும் அவர் செய்தது ஓர் எளிய ஒற்றை வில்லை நுண்ணோக்கியில். அதன் குவியத் தூரம் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. செல்லின் உட்கருவுக்குப் பெயர் சூட்டியதும் இவர்தான். லிஸ்டர் காலத்திலும் ஒற்றை வில்லை பழம்பொருளாகிவிடவில்லை.

என் அனுபவத்தில் பயன்படும் சோதனை இது: இருந்த இடத்திலேயே நடுங்குவது உயிரற்றதாக இருக்கலாம். நீரின் ஓட்டத்துக்கு எதிராக, ஒரு திசையில், தன் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் போய்த் திரும்புவது உயிர். அசையாமல் கிடப்பதைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

2023 ஜூலை 3

லீவன்ஹூக்கின் படங்களை வெர்மீர் வரைந்தாரா என்று கேட்டவருக்கு: ஓவியர் யோஹான்னஸ் வெர்மீரும் அவரும் டெல்ஃப்ட் நகரத்தில் 1632 அக்டோபரில் பிறந்தவர்கள். 1676இல் வெர்மீரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க நகரம் நியமித்தது லீவன்ஹூக்கைத்தான். ஆனால் வெர்மீர் இறந்தது 1675 டிசம்பரில். பாக்டீரியா கடிதங்கள் அதற்குப் பிந்தியவை. தமக்கு வரையத் தெரியாது என்று லீவன்ஹூக் வெளிப்படையாகச் சொல்லி, சம்பளத்துக்கு ஓவியர்களை அமர்த்திக்கொண்டார்.

2023 ஜூலை 16

நீண்ட குறிப்பு. உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எதையும் பார்த்துவிடலாமே என்ற கேள்வி மூன்று முறை வந்துவிட்டது.

யெனா நகரில் கார்ல் ஜெய்ஸ் தம் பட்டறையைத் தொடங்கியது 1846இல். நல்ல வில்லைகளைப் பொருத்திப் பார்த்தும் மாற்றியும் அனுபவத்தால் எட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கிட்டே வில்லை செய்ய வழி கேட்டு அவர் 1866இல் எர்ன்ஸ்ட் ஆபே என்ற இளம் இயற்பியலாளரை அழைத்தார். ஆபே முதலில் கணக்கிட்டுச் செய்த வில்லைகள் பழையவற்றைவிட மோசமாக இருந்தன. பிறழ்ச்சியைக் குறைக்க வில்லையின் துளையைச் சிறிதாக்கியிருந்தார். உருவம் தூய்மையாக இருந்தது, ஆனால் நுண்விவரங்கள் காணாமல் போயின. அந்தத் தோல்வியைத் துருவிப் பார்த்ததில் பிறந்ததே 1873இல் அவர் வெளியிட்ட கோட்பாடு.

ஒளி ஒரு நுண்ணிய கோட்டமைப்பைக் கடக்கும்போது பக்கவாட்டில் சிதறிப் பல கற்றைகளாகப் பிரிகிறது. கோடுகள் நெருங்க நெருங்க அந்தக் கற்றைகள் அகன்ற கோணத்தில் விலகுகின்றன. வில்லைக்குள் குறைந்தது இரண்டு கற்றைகளாவது நுழைந்து மறுபக்கம் ஒன்று சேர்ந்தால்தான் கோடுகள் தெரியும். ஒன்று மட்டும் நுழைந்தால் வெறும் வெளிச்சம்தான். எனவே பிரிக்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஒளியின் அலைநீளத்தை எண்ணியல் துளையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்தான் எண்ணியல் துளை. 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கும், எண்ணெயில் தோயும் 1.4 துளையுள்ள வில்லைக்கும் இது சுமார் 0.2 மைக்ரான். அதற்குமேல் எத்தனை மடங்கு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

இதைக் கண்ணால் உணர டயாட்டம்களே சிறந்த ஆசான்கள். இந்த ஒற்றைச் செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகளில் இயற்கை வரைந்த கோடுகள் இருக்கின்றன. ப்ளூரோசிக்மா ஆங்குலாட்டத்தின் கோடுகள் ஏறத்தாழ அரை மைக்ரான் இடைவெளி கொண்டவை. என் 0.65 துளை வில்லை அவற்றைப் பிரித்தது. ஆம்ஃபிப்ளூரா பெல்லூசிடாவின் இடைவெளி சுமார் கால் மைக்ரான். அதற்கு எண்ணெய்த் தோய்ப்பு வில்லையும், ஒளியைச் சாய்த்து அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். மூன்று இரவுகள் அது எனக்கு வெறும் கண்ணாடிப் படகாகவே தெரிந்தது. நான்காம் இரவு ஒளிக்குவிப்பியின் அடியில் கருப்புக் காகிதத் துண்டை ஒரு பக்கமாகச் செருகி, நூல் அளவு நகர்த்தியபோது, படகின் குறுக்கே வரிசையாகக் கோடுகள் எழுந்து நின்றன. சிதறிய கற்றைகளில் ஒன்று வில்லையின் ஓரத்தில் நுழைந்துவிட்ட கணம் அது என்பதை அறிந்திருந்தும் நான் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

ஆபே இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். ஜூன் 25 குறிப்போடு இது சேர வேண்டும். வில்லைக்குப் பின்னால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கற்றைகளை மறைத்தால், பொருளில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு கோடுகள் உருவத்தில் தெரியும். இல்லாத கோடுகள், முழுக் கூர்மையோடு! மங்கலாகத் தெரிந்தால் ஐயப்படு, கூர்மையாகத் தெரிந்தால் நம்பு என்று நான் வைத்திருந்த விதி அதோடு விழுந்தது. ஒளியமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் மாறாமல் நிற்பதை மட்டுமே இப்போது குறித்துக்கொள்கிறேன்.

2023 ஜூலை 23

முந்தைய குறிப்பைப் படித்தால் எல்லாமே பிரிதிறன் என்று தோன்றும். அது அரைப்பங்குதான். மற்றதை மாறுபாடு என்று சொல்ல வேண்டும்.

சாயமேற்றாத பாக்டீரியா நீரைப் போலவே தெளிவானது. அளவில் வில்லைக்கு எட்டினாலும், சுற்றியுள்ள நீரிலிருந்து வேறுபட்டு நிற்காது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியை அறிவிக்க முடிந்ததற்கு ஆபேயின் ஒளிக்குவிப்பியும் எண்ணெய்த் தோய்ப்பும் எவ்வளவு காரணமோ, சாயமும் அவ்வளவு காரணம். உயிரோடும் சாயமின்றியும் காண்பதற்கு ஃபிரிட்ஸ் ஜெர்னிக்கேயின் கட்ட வேறுபாட்டு முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. செல்லுக்குள் ஒளி சற்றே தாமதிப்பதை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் முறை அது. 1932இல் அவர் அதை யெனாவுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, நடைமுறைப் பயன் இருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்று பதில் கிடைத்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1953இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் லீவன்ஹூக் சாயம் இல்லாமல், ஒற்றை வில்லையில் எப்படிக் கண்டார்? அவர் கருவியைக் கையில் ஏந்தி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒளி நேராக வராமல் பக்கத்திலிருந்து வந்து, கருமையான பின்னணியில் உயிர்கள் மினுங்கும்படி அவர் அமைத்திருக்கலாம் என்ற ஊகம் உண்டு. என் உருண்டை வில்லையை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல், விளக்கின் ஓரத்தை ஒட்டிய இருளை நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். வேறுபாடு கணிசமாக இருக்கிறது. இது அவர் செய்ததற்குச் சான்று ஆகாது, செய்திருக்க முடியும் என்பதற்கு மட்டுமே சான்று.

2023 ஆகஸ்ட் 5

இரண்டு மாதமாகத் துணைக் கேள்விகளுக்கெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, முதல் கேள்வியின் ஒரு பாதியைத் திருத்தாமலே விட்டிருக்கிறேன். ஹூக்கின் கண்ணுக்கு அவை தட்டுப்படவே இல்லை என்பது உண்மையன்று. நானும் ஜூன் 4 அன்று அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய லீவன்ஹூக் அதை நீரில் ஊறவைத்தார். 1676 ஏப்ரல் 24 அன்று அந்த ஊறல் நீரைப் பார்த்தபோது அளவிறந்த சிற்றுயிர்கள் தெரிந்தன. அக்டோபர் 9 தேதியிட்ட நீண்ட கடிதத்தில் அதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் அதை டச்சிலிருந்து ஆங்கிலமாக்கி 1677இல் அச்சிட்டார். லண்டனில் பலர் நம்பவில்லை. லீவன்ஹூக் மதகுருமார் உள்ளிட்ட எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, அவர்களிடம் எழுத்துச் சாட்சியம் வாங்கி அனுப்பினார்.

சரிபார்க்கும் பொறுப்பு ஹூக்கிடம் வந்தது. முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை. புதிதாக மிளகு ஊறவைத்தார், முடியளவு மெல்லிய கண்ணாடிக் குழாய்களை இழுத்து அவற்றில் அந்நீரை ஏற்றினார், கருவியையும் மேம்படுத்தினார். 1677 நவம்பர் 15 அன்று கூடியிருந்த உறுப்பினர்கள் அந்தச் சிற்றுயிர்கள் நீந்துவதைத் தம் கண்ணாலேயே கண்டு உறுதிசெய்தார்கள். மறு ஆண்டு தாம் பயன்படுத்திய முறைகளை ஹூக் வெளியிட்டார். 1680இல் லீவன்ஹூக் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆகவே முதல் கேள்விக்கு என் விடை இப்போது இப்படி நிற்கிறது. ஹூக் 1665இல் காணாததற்குக் காரணம், அவர் தக்கை, ஈ, பேன், ஊசிமுனை என்று கையில் எடுக்கக்கூடியவற்றைப் பார்த்தார். ஊறல் நீரின் துளிக்குள் தேட எதுவும் இருப்பதாக எண்ண அவருக்குக் காரணம் இல்லை. இருக்கிறது என்று ஒருவர் சொன்னபின், கண் வருத்தத்தையும் பொறுத்துக்கொண்டு தேடினார், கண்டார், கண்டதைத் தம் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்ளாமல் மற்றவருக்குரியதை உறுதிசெய்தார். லீவன்ஹூக்கை உயர்த்துவதற்காக ஹூக்கைத் தாழ்த்தும் கதையில் இது விடுபட்டுப்போகிறது.

2023 ஆகஸ்ட் 6

லீவன்ஹூக் இறந்தபின் ராயல் சொசைட்டிக்குச் சேர்ந்த 26 வெள்ளி நுண்ணோக்கிகள் எங்கே என்ற கேள்விக்கு: 19ஆம் நூற்றாண்டில் காணாமல் போயின. ஆனால் அவர் 1674இல் கடிதத்தோடு வைத்து அனுப்பிய சிறு பொட்டலங்கள் அங்கேயே தாள்களுக்கிடையே தங்கியிருந்தன. 1981இல் பிரையன் ஃபோர்டு அவற்றைக் கண்டெடுத்தார். தக்கை, எல்டர் தண்டின் நடுச்சோறு, இறகுப் பேனாவின் வெண்பகுதி, மாட்டின் பார்வை நரம்பு ஆகியவற்றின் சீவல்கள். கையால் சீவியவை அவ்வளவு மெல்லியதாக இருப்பதைப் படத்தில் பார்க்கும்போது, வில்லையைப் பற்றி மட்டுமே இத்தனை நாள் பேசியது குறைபாடாகத் தோன்றுகிறது. சவர அலகால் நடுச்சோற்றைச் சீவ நான் செய்த முயற்சி எதுவும் அதற்கு அருகில் வரவில்லை.

2023 ஆகஸ்ட் 20

ஹூக் செய்தபடி முடியளவு குழாய்கள் இழுத்தேன். ஏழு நாள் ஊறிய மிளகு நீரில் நுனியைத் தொட்டதும் நீர் தானாக ஏறிக்கொள்கிறது. குழாயை உருண்டை வில்லைக்கு முன் மெழுகால் ஒட்டி, விளக்கின் ஓரத்து இருளை நோக்கிப் பிடித்தேன்.

முதல் அரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒன்று குழாயின் ஓரத்தை ஒட்டி மெல்லக் கடந்து சென்றது. அது பெரியது, பாக்டீரியா அல்ல, குற்றிழை உயிரியாக இருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து பார்வையை நிறுத்தியபோதுதான், அதைச் சுற்றியுள்ள நீர் வெறுமையாக இல்லை என்று தெரிந்தது. மினுங்கும் மிகச் சிறு கோடுகள், சில நடுங்கிக்கொண்டும் சில நேராகப் போய்த் திரும்பிக்கொண்டும் இருந்தன. வெற்றுக் குழாயை வைத்துப் பார்த்தேன், இல்லை. கொதித்து ஆறிய நீரை ஏற்றிப் பார்த்தேன், நடுங்கும் பொடிகள் இருந்தன, போய்த் திரும்புபவை இல்லை. மிளகு நீரைத் திரும்ப ஏற்றினேன், இருந்தன.

என் மகளை அழைத்து, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன், எதைத் தேட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்றும் இல்லையே அப்பா என்றாள். கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார் என்றேன். சில நிமிடங்கள் பேசாமல் இருந்தாள். பிறகு வலப்பக்கமாக ஒன்று போகிறது, அது திரும்பி வருகிறது என்றாள். அவள் வரைந்த படமும் நான் முன்பே வரைந்து மூடி வைத்திருந்த படமும் அளவில் ஒத்துப்போகவில்லை. என்னுடையவை அவளுடையவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளம். நாளை குழாயின் உள்விட்டத்தை அளந்து அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இருவரும் திரும்ப வரையப் போகிறோம்.